இரண்டு வெள்ளை

வெள்ளையக்கா வீட்டுக்கு வருடத்தில் நான்கு தடவை போவேன். கம்பளி நூலுக்காக வளர்க்கிற சடைமுயலுக்கு, அதாவது அங்கோரா முயலுக்கு, முடி வெட்டுவது என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டாமல் விட்டால் முடி சிக்கு விழுந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த வாயில்லா ஜீவன் படும் பாடு சொல்லி மாளாது. இந்த ஊரில் சடைமுயல் வளர்க்கிற வீடுகள் பதினான்கு. எல்லா வீட்டிலும் என் கத்தரிக்கோல் போய் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் பார்த்ததையும் கேட்டதையும் இன்னொரு வீட்டில் சொல்வதில்லை என்று கடவுளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதை வேண்டுமென்று மீறியதில்லை. மீறியிருக்கலாமோ என்று நினைத்தது ஒரே ஒரு தடவைதான். அது வெள்ளையக்கா விஷயத்தில்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கும். வெளியே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பதினெட்டுக் கூண்டிலும் வெள்ளை முயல் மட்டுமே வைத்திருந்ததால் வெள்ளையக்கா ஆகிவிட்டார். ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது பத்து வயது இளைய தங்கையை இவர்தான் வளர்த்தார். தையல்கடையில் காஜா போட்டு, பொத்தான் தைத்துப் படிக்க வைத்து, கட்டியும் கொடுத்தார். தங்கை புருஷன் வீட்டுக்குப் போனபின் வீட்டில் சத்தமில்லை. ஆறு நாள் முயல் வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. அங்கே போய்விட்டு வரும்போது கூடையில் இரண்டு முயலோடு வந்தார். அப்போது ஆரம்பித்தது.

பயிற்சியில் கொடுத்த சிறு புத்தகத்தில் நிறக் கணக்கு ஒரு பாடம். எந்த முயலோடு எந்த முயலைச் சேர்த்தால் என்ன நிறத்தில் குட்டி வரும் என்பதை எழுத்து எழுத்தாகப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு அந்த எழுத்துகள் பிடிபடவில்லை. தையல்கடைப் பொத்தான்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. அவற்றைக் கொட்டி, மேஜை மேல் வைத்துவைத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

எனக்கும் ஒருநாள் சொல்லித் தந்தார். முயலுக்கு ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு பொத்தான். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. பெரிய பொத்தானும் சின்னப் பொத்தானும் சேர்ந்து அமைந்தால் பெரியது சொன்னபடிதான் நடக்கும். சின்னது அதன் அடியில் கமுக்கமாகக் கிடக்கும். இரண்டுமே சின்னதாக அமைந்தால்தான் சின்னதுக்கு வாய் திறக்க வாய்ப்பு. வெள்ளை அப்படிப்பட்ட சின்னப் பொத்தான்.

"வெள்ளைங்கிறது நிறமே இல்லை, தெரியுமா?" என்றார். "அது போர்வை. உள்ளே கறுப்பு படுத்திருக்கோ சாம்பல் படுத்திருக்கோ யாருக்குத் தெரியும். ஆனா வெள்ளைகிட்ட கொடுக்கிறதுக்கு அந்தப் போர்வையை விட்டா வேற கிடையாது. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தா வெள்ளைதான். அதுல மாத்தமே இல்லை."

சந்தேகம் வந்தால் மற்ற வளர்ப்பாளர்கள் முயலைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். "இது சாம்பல்தானே அக்கா?" என்பார்கள். அக்கா சிரிப்பார். "முடியைப் பாக்காதே. சடைமுடி ஆளை ஏமாத்தும். காதைப் பாரு, மூக்கைப் பாரு, காலைப் பாரு." முடி ஒரு ஜான் வளரும்போது நிறம் நீர்த்துப்போகும். ஒரு சொட்டு மையை ஒரு வாளித் தண்ணீரில் விட்டது போலத்தான். நல்ல கறுப்பு முயல்கூடத் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் குவித்தது போல இருக்கும். முகத்திலும் காலிலும் முடி குட்டை. அங்கேதான் உண்மை நிறம் நிற்கும். அப்புறம் முதுகில் வாயை வைத்து மெல்ல ஊதுவார். முடி வட்டமாக விரியும். உள்ளே வளையம் வளையமாக நிறம் மாறினால் ஒரு ஜாதி, அடியிலிருந்து நுனிவரை ஒரே நிறமானால் வேறு ஜாதி. ஊதி முடித்து நிமிரும்போது மூக்கு நுனியில் இரண்டு முடி ஒட்டியிருக்கும். அதோடேயே தீர்ப்பு சொல்வார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். டீ குடித்துவிட்டுப் போகச் சொல்வார். யாருக்கும் நேரம் இருக்காது.

நேரம் இருந்தது தங்கைக்கு மட்டும்தான். தங்கை ஊரின் மறுகோடியில் இருந்தாள், இரண்டு பஸ் மாறி வரவேண்டும். அக்கா முயலை விட்டு எங்கும் நகரமாட்டார் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள்தான் வருவாள். தங்கையின் வீட்டுக்காரர் பஞ்சர்க்கடை வைத்திருந்தார். வாய் சும்மா இருக்காது. "அண்ணி, உங்க வீட்டுக்கு வந்தா எனக்கு முயலாப் பொறந்திருக்கலாம்னு தோணுது. பேர் வெச்சு, பாட்டில்ல தண்ணி வெச்சு, வாரிவிட்டு... எங்க வீட்டுல எனக்குச் சீப்பு எங்க இருக்குன்னே தெரியாது" என்பார். அக்கா வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வார நாளில் நான் பார்த்ததில்லை.

அக்காவைப் பார்த்துத் தங்கையும் நாலு முயல் வளர்த்தாள். அதில் ஒன்று தவிட்டு நிற ஆண். பின்னால் எங்கோ கண்காட்சியில் ஒரு வெள்ளை ஆண் வாங்கினாள்.

அக்காவின் முயல்களோ பதினோரு வருடமாக ஒன்றுக்குள் ஒன்று. குட்டிகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தன. வெளி ரத்தம் வேண்டும். தங்கை போனில் சொன்னாள்: "எங்கிட்ட வெள்ளை இருக்கேக்கா. முடி ஜான் நீளம். பஞ்சு மாதிரி." முயலில் எப்போதும் பெண்ணைத்தான் ஆண் இருக்கிற கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் பெண் தன் இடம் என்று கடித்து விரட்டிவிடும். ஆகவே பஞ்சர்க்கடைக்காரர் வண்டியில் வந்து, அக்காவின் நல்ல பெண் முயலைக் கூடையில் வைத்து எடுத்துப்போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அக்கா அந்த ஆண் முயலைக் கண்ணால் பார்க்கவில்லை. வெள்ளையில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் ஐந்து குட்டிகள் போட்டது. இரண்டு கறுப்பு, மூன்று சாம்பல். ஒன்றுகூட வெள்ளை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பின்கட்டில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். தங்கை குட்டிப் பெட்டியை எட்டிப் பார்த்து, "ஐ, கறுப்பு!" என்றாள் சந்தோஷமாக.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தத் தவிட்டுப் பயகிட்ட விட்டுட்டியா?"

"எதை?"

"என் முயலை."

"இல்லக்கா. வெள்ளைகிட்டதான் விட்டேன். பக்கத்துலயே நின்னேன்."

"அப்ப கூண்டு மாறியிருக்கும். தாழ்ப்பாள் சரியில்லாம இருந்திருக்கும். சொல்லு, பரவாயில்லை. தப்பு எல்லாருக்கும் வரும்."

"நடக்காததை எப்படிச் சொல்லச் சொல்றே?"

"வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தா கறுப்பு எப்படிடி வரும்?"

"எனக்கென்ன தெரியும்? உன் முயல்கிட்டயே கேளு."

"கேட்டாச்சு" என்றார் அக்கா, குட்டிப் பெட்டியைக் காட்டி. "அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

தங்கை பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்ப எனக்குத் தெரியும், இல்ல?" என்றாள்.

அக்கா அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார், நிரூபிப்பதற்கு. பஞ்சர்க்கடைக்காரர், "போலீஸ்ல கைரேகை எடுக்கிற மாதிரி இருக்கே அண்ணி" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. தங்கை செருப்பைப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இரண்டு வருடம் வரவில்லை.

அக்கா போன் செய்யவில்லை. தப்பை ஒத்துக்கொண்டு அவள்தான் முதலில் பேச வேண்டும் என்று இருந்தார். குட்டிகளில் மூன்றை யாரோ கொண்டுபோனார்கள். ஒரு கறுப்புப் பெண்ணும் ஒரு சாம்பல் ஆணும் தங்கிவிட்டன. அவற்றைக் கடைசிக் கூண்டு இரண்டில் வைத்தார். தீனி குறைவில்லாமல் போட்டார். ஆனால் பேர் வைக்கவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் அவர் எப்படி இருந்தார் என்பது நான் பார்த்ததுதான். வேலை முடிந்து கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தால், "இன்னொரு டீ?" என்பார். அதையும் குடித்து எழுந்தால், "அந்த நாலாவது கூண்டு முயலுக்கு நகம் பாத்தியா?" என்பார். பார்த்தாகிவிட்டது என்று தெரிந்துதான் கேட்பார். வாசல்வரை வருவார், தெருமுனைவரை வருவார். ஒருதடவை போனபோது முயல்கள் எல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தன. ஒருநாளும் அப்படி விடமாட்டார். கேட்டேன். "ஒரு வாரம் காய்ச்சல். தண்ணி பாட்டில் நிரப்ப மட்டும் எந்திரிச்சேன்" என்றார். அவருக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்காக வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்வதைத் தவிர என்னால் என்ன முடியும் என்று அப்போது நினைத்தேன்.

தங்கை வீட்டுக்கும் நான்தான் வெட்டப் போவேன். முடி வெட்டுகிறவரை பக்கத்தில் நிற்பாள். கடைசியில், "அந்த வீட்டு முயல்லாம் நல்லா இருக்கா?" என்பாள்.

"நல்லா இருக்கு" என்பேன்.

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

அவள் முயலைக் கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு மேல் நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

போன வருடக் கடைசியில் என் கையால் ஒரு பிழை நடந்தது. அக்கா வீட்டில் அந்தச் சாம்பல் ஆணுக்கு முடி வெட்டி முடித்து, கூண்டில் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் கறுப்புப் பெண்ணின் கூண்டில் விட்டிருக்கிறேன். வெட்டிய பிறகு எல்லா முயலும் ஒரே மாதிரி எலும்பும் காதுமாகத்தான் தெரியும், கூண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. பெண் கடித்து விரட்டவில்லை. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

அக்கா திட்டுவார் என்று நின்றேன். அவர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பத்தடி தள்ளி நிக்கிறேன். என் வீட்டுலயே நடக்குது" என்றார். 

வயது தாண்டிய முதல் பிரசவம், பிழைக்குமோ என்னவோ என்று பயந்தார். பிழைத்தது. ஆறு குட்டிகள். நான்குக்குத் தோலில் நிறம் தெரிந்தது, இரண்டு வெறும் ரோஜா நிறம். அந்த இரண்டும் வெள்ளையாக வரும். அதில் அக்காவுக்கு ஆச்சரியமில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் அடியில் ஒவ்வொரு வெள்ளைப் பொத்தான் கிடக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வெள்ளை வந்துதானே ஆகவேண்டும்.

பதினோராம் நாள் எனக்குப் போன் வந்தது. "கொஞ்சம் வர முடியுமா?" வெட்டுகிற நாள் இல்லை. போனேன். பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. வெள்ளைக் குட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். சிவப்புக் கண். மாதுளைமுத்து மாதிரி. இந்த வீட்டு வெள்ளை எல்லாவற்றுக்கும் அந்தக் கண்தான். அதை வைத்துவிட்டு மற்ற வெள்ளையை எடுத்தார்.

நீலக் கண்.

"என் வீட்டுல இப்படி ஒண்ணு பொறந்ததே இல்லை" என்றார். "இது எங்கேருந்து வந்துச்சு?"

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "உங்க தங்கச்சி வீட்டு வெள்ளைக்கு இதே கண்ணுதான்க்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா முடி வெட்டுறேனே."

"ஏன் சொல்லலை?"

"அங்க பாத்ததை இங்க சொல்றதில்லைக்கா. கண்ணுல என்ன இருக்குன்னும் எனக்குத் தெரியாது."

குட்டியைப் பெட்டியில் திரும்ப விட்டார். பிறகு, "நல்ல பழக்கம்தான்" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடவுள் எனக்கு வாயைக் கொடுத்தது மூடிக்கொள்வதற்கு மட்டுமா என்று அன்றைக்கு முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் பொத்தானோடு உட்கார்ந்தார். இத்தனை காலம் வெள்ளைக்கு ஒரு ஜோடிப் பொத்தான்தான் வைத்தார். இப்போது இரண்டு ஜோடி வைத்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. எனக்கு அவர் சொன்னது இப்படி:

"மெயின் சுவிட்சும் வேணும், ரூம் சுவிட்சும் வேணும். ரெண்டும் நல்லா இருந்தாத்தான் லைட் எரியும். என் முயலுக்கு மெயின் கெட்டிருக்கு. அவ முயலுக்கு ரூம் சுவிட்சு கெட்டிருக்கு. வெளியே பாத்தா ரெண்டு வீடும் ஒரே இருட்டு, ரெண்டுமே வெள்ளை. ஆனா குட்டிக்கு அப்பாகிட்டருந்து நல்ல மெயின் வந்துருச்சு, அம்மாகிட்டருந்து நல்ல ரூம் சுவிட்சு வந்துருச்சு. லைட்டு எரியாம என்ன பண்ணும்?"

அந்த ஐந்து குட்டிகளும் நிறத்தோடு பிறந்தது தவிட்டு முயலால் அல்ல. தங்கை சொன்ன வெள்ளையால்தான்.

ஆனாலும் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். "ஆமாக்கா, வெள்ளையில ரெண்டு தினுசு இருக்கே. சிவப்புக் கண்ணு ஒண்ணு, நீலக் கண்ணு ஒண்ணு. ரெண்டையும் சேத்தா குட்டிக்குக் கலர் வரும். ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல டாக்டர்" என்றார் அக்கா. "சும்மா கேட்டேன்."

போனை வைத்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடப் பேச்சு. இரண்டு வருடமாக டாக்டரின் எண் அவர் போனில்தான் இருந்தது.

நீலக்கண் குட்டி தாயிடம் பால் மறக்கும்வரை காத்திருந்தார். பிறகு கூடையில் அதை வைத்து, பையில் பொத்தான் டப்பாவை வைத்து, தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் தெரியாது என்று என்னைக் கூப்பிட்டார். பஸ் முழுக்கக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை முதலில் வைப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முகம் அத்தனை தெளிவாக இருந்தது. பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போகிற பிள்ளை மாதிரி.

தங்கை கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். எச்சில் தட்டில் பங்கு கேட்டு வளர்ந்தவள், அக்காவை "வா, போ" என்று மட்டுமே பேசத் தெரிந்தவள். அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேரே மேஜைக்குப் போய்ப் பொத்தானைப் பரப்பினார். மெயின், ரூம், சிவப்பு, நீலம் எல்லாம் சொன்னார். குட்டியை எடுத்துக் கண்ணைக் காட்டினார். பஞ்சர்க்கடைக்காரர் உண்மையாகவே ஆசையாகக் கேட்டார். "அப்ப கேஸ் தள்ளுபடியா அண்ணி?"

"தள்ளுபடி மாப்பிள்ளை" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டு.

தங்கை பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இந்தக் குட்டி பொறக்காம போயிருந்தா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "போயிருந்தா... தெரிஞ்சிருக்காது."

"அதான். தெரிஞ்சிருக்காது. நான் சாகுறவரைக்கும் பொய் சொன்னவளாவே இருந்திருப்பேன். பக்கத்துலயே நின்னேன்னு அன்னிக்கு நான் சொன்னேன். நம்பலை. இன்னிக்கு ஒரு முயல் வந்து சொன்னதும் நம்பறே. நான் உனக்கு ஒரு முயலுக்குக்கூட ஆகலை."

பஞ்சர்க்கடைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"இதை உனக்குத்தான் கொண்டாந்தேன்" என்று அக்கா குட்டியை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ."

திரும்பும்போது அக்கா கூடைக்குள் குட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் அவருடைய நிறுத்தத்துக்கு வந்தபோது, "அவ கேட்டது சரிதானே?" என்றார்.  கூடை உரசாமல் இறங்கக் கை கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்துத் தனியாகவே போயிருக்கிறார். கூடை இல்லை, டப்பா இல்லை. பின்னால் அவரே சொன்னார். வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாராம்: "முயல் சொன்னாலும் சொல்லாட்டியும் உன்னை நம்பாதது என் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இதுக்கா ரெண்டு பஸ் ஏறி வந்தே?"

"ஆமா."

தங்கை வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "உள்ள வா. ஆனா ஒண்ணு. இனிமே இந்த வீட்டுல முயல் பேச்சே எடுக்கக் கூடாது."

அக்கா ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேச வாயைத் திறக்கும்போதுதான் தெரிந்தது, பேச ஒன்றுமே இல்லை என்று. கூண்டு, தீனி, முடி, குட்டி, நிறம். இவற்றை எடுத்துவிட்டால் பதின்மூன்று வருடத்தில் மிச்சம் எதுவும் கையில் இல்லை. தங்கையும் எதுவும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு, "வரட்டுமா" என்று எழுந்துவந்துவிட்டார்.

மறுநாள் என்னிடம் வந்து கேட்டார். என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "வீட்டுல உக்காந்தா ஜனங்க என்ன பேசுவாங்க?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

"ஏதாவது பேசுவோம்க்கா. மழை, வெயில்..."

"மழை எவ்வளவு நேரம் வரும்?"

"பேசறதுக்கா? ரெண்டு நிமிஷம்."

"அப்புறம்?"

"உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கலாம். முட்டி வலி, முதுகு வலி. நம்ம வயசுல யாருக்காவது ஏதாவது இருக்கும். அது ஓடும்."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் தங்கை வீட்டில் எனக்கு வெட்டுகிற நாள். பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து அந்த நீலக்கண் வெள்ளைக்குத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். சன்னல் வழியாக எல்லாம் காதில் விழுந்தது.

"மழை வரும் போலருக்கு."

"மழைக்காலம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு எப்போ முட்டி வலி வந்துச்சு?"

"இல்லையா?"

"இல்லை."

"நல்லது" என்றார் அக்கா.

உள்ளறையிலிருந்து பஞ்சர்க்கடைக்காரர் குரல் கொடுத்தார். "முட்டி வலி எனக்கு அண்ணி! என்னைக் கேளுங்க. இடதுலேருந்து ஆரம்பிச்சா வலது முடியறதுக்கு ராத்திரி ஆயிரும்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கால் ஒரு சத்தம் வந்து, உடனே அடக்கிக்கொண்டாள். அக்கா தாமதமாகச் சிரித்தார், எதற்கென்று முழுதும் தெரியாமலே. அப்புறம் மறுபடியும் மின்விசிறி.

நான் கத்தரிக்கோலை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளே, யாராவது ஏதாவது பேசுங்களேன் என்றிருந்தது.

தங்கைதான் பேசினாள். "ராத்திரிக்கு என்ன சாப்பிடுறே?"

"பன்னு."

"இன்னிக்கா?"

"தினமும் அதான்."

"தினமுமா?"

"ஒருத்திக்கு அடுப்பு பத்த வைக்கணுமான்னு..."

தங்கை டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.  அக்கா கிளம்பும்போது சாப்பாடு எதுவும் கட்டிக்கொடுக்கவும் இல்லை, "அடுத்த வாரம் வா" என்று கூப்பிடவும் இல்லை. கதவுவரை வந்தாள். அக்கா படியிறங்கித் தெருவுக்கு வந்தபின்தான் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர்தான் என் தோளைத் தொட்டார்.

"பாத்தியா?" என்றார். "பன்னு விஷயம் அவளாத்தான் கேட்டா. நான் எடுத்துக் குடுக்கலை."

"ஆமாக்கா. அவங்களாத்தான் கேட்டாங்க."

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "அடுத்த வாரம் என்ன பேசறது?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பஸ் கிளம்பும்வரை கீழேயே நின்றார். பிறகு கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்கிற நேரம் ஆகிவிட்டதே என்பது போல வேகமாக நடந்து போனார்.